இவெட் பேரில் வந்த கார்டு

சான் லிபோரியோ தபால் நிலையத்தில் பதினேழாம் எண் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரே ஓர் உறைதான் கிடந்தது. எர்லிண்டா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய உறை. நடுவில் விரலுக்குத் தட்டுப்படுகிற கெட்டியான ஏதோ ஒன்று. மேலே அச்சடித்திருந்த பெயர் அவளுடையது அல்ல, மகளுடையது. இவெட் ரெனே சாயிஸ். ஞானஸ்நானத்தன்று பாதிரியார் சொன்னதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் முழுதாக உச்சரித்து அவள் கேட்டதில்லை. வெளியே ஜூன் மாத வெயில். ஆற்றங்கரை மரங்கள் பஞ்சு உதிர்க்கும் காலம். கதவை யாராவது திறக்கும்போதெல்லாம் வெள்ளை இழைகள் தரையோடு உருண்டு வந்து அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டன. இந்தப் பாலைவனத்தில் வருடத்துக்கு ஒரு வாரம் இப்படிச் சூடான பனி பெய்யும். இவெட் சிறுமியாக இருந்தபோது அதைப் பைகளில் அடைத்துக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைப்பாள்.

உள்ளே இருந்தது சாப்பாட்டுக் கார்டு. பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடையாது என்பதால், அதற்கு ஈடாக ஒவ்வொரு கோடையிலும் அரசாங்கம் பிள்ளைக்கு நூற்றிருபது டாலர் போட்டு அனுப்புகிறது. மளிகை வாங்கலாம், சோப்பு வாங்க முடியாது. பால் வாங்கலாம், சூடாகப் பொரித்த கோழி வாங்க முடியாது. நான்கு மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் தானாகத் திரும்பிப் போய்விடும். எர்லிண்டாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஏனென்றால் அந்த மதியச் சாப்பாட்டைச் சமைப்பவளே அவள்தான். பதினெட்டு வருடமாக ஊர்ப் பள்ளியின் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு அவிக்கிறாள், வதக்குகிறாள், அள்ளி வைக்கிறாள். மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தால், ஆகஸ்ட் வரை அவளுக்கும் சம்பளம் இல்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு நிற்கிற அதே நாளில் சமைத்தவளுக்கும் நின்றுவிடும். பிள்ளைகளுக்காவது கார்டு வருகிறது.

ஆனால் இந்தக் கார்டுக்கு உரியவள் ஊரில் இல்லை. மார்ச் மாதமே அப்பாவிடம் போய்விட்டாள்.

போனதற்கு என்ன காரணம் என்று எர்லிண்டாவை யாராவது கேட்டால் ஒரு கரண்டி பீன்ஸ் என்றுதான் அவள் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாரத் தொடக்கத்திலிருந்தே இவெட் மதிய வரிசையில் காலித் தட்டோடு வந்து, காலித் தட்டோடு நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள். பதினான்கு வயது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. திங்கள், செவ்வாய் எர்லிண்டா பொறுத்தாள். புதன்கிழமை அவளால் முடியவில்லை. எட்டாம் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, "மிஹா, மூணு நாளா ஒண்ணும் சாப்பிடல நீ, நீட்டு தட்ட" என்று சத்தமாகச் சொல்லி ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, மேலே ரொட்டி என்று குவித்துவிட்டாள். கடைக்காரி, பேருந்து ஓட்டுபவள் என்று எல்லாரும் எல்லாப் பெண்களையும் மிஹா, அதாவது மகளே, என்றே கூப்பிடுகிற ஊர்தான். ஆனாலும் பெற்றவள் கூப்பிட்டால் அதற்குக் கனம் வேறு. யாரோ சிரித்தார்கள். இவெட் தட்டைக் கீழே போடவில்லை, எறியவில்லை. சிந்தாமல் மெதுவாக மேசையில் வைத்துவிட்டு நடந்து வெளியே போனாள். அந்த மெதுவைத்தான் எர்லிண்டாவால் மறக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, எண்ணெய் வயல் பக்கம் ஹாப்ஸ் நகரத்தில் இருக்கும் அப்பா டெல்ஃபினுக்கு இவெட்டே போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அவன் மறுமணம் செய்து மூன்று வருடம் ஆகிறது. வந்து நின்றபோது அவன் முகத்திலும் திகைப்புதான் இருந்தது.

அதற்குப் பிறகு போனில் எர்லிண்டா நாலு வரி எழுதினால் ஒற்றை எழுத்தில் பதில் வரும். ஒருமுறை மட்டும் நீளமாக ஒன்று வந்தது. 'இங்க எல்லாம் நல்லா இருக்கு. நேத்து இறால் சாப்பிட்டோம்.'

வீட்டுக்கு வந்து கார்டைச் சமையல் மேசையில் வைத்தாள். அலமாரியில் அரை மூட்டை பீன்ஸ், மாவு, கொஞ்சம் கொழுப்பு இருந்தன. முற்றத்து ஆப்ரிகாட் மரம் இந்த வருடம் உறைபனிக்குத் தப்பித்து, கிளை தாங்காமல் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதைத்தான் அவள் காலையில் தின்றுகொண்டிருந்தாள். மதியம் தலை லேசாக மிதக்கும். வெயிலும் அரைப் பட்டினியும் சேர்ந்தால் உடம்புக்கு ஒரு சுகமான எடையின்மை வந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் சுவர்கள் சற்று விலகி நின்று மூச்சு விடுவதுபோல் இருக்கும். அந்த மிதப்பிலேயே கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். எந்த ஊரையும் சேராத ஒரு பெண் குரல், குழந்தையின் பிறந்த தேதியை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். ஒவ்வோர் எண்ணும் ஒரு சின்ன மணியோசை. எட்டு மணியோசைக்குள் ஒரு பிரசவ அறை, மழை, மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு முகம் எல்லாம் வந்து போயின. "நன்றி. இனி உங்களுக்கு நினைவிருக்கும் நான்கு எண்களைத் தேர்ந்தெடுங்கள்" என்றது குரல். எர்லிண்டா விரலை எடுத்துக்கொண்டாள். அந்தக் குரல் பொறுமையாக இன்னொரு முறை கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் தான் இல்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மதியம் பூங்காவுக்குப் போனாள். கோடைக்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே மரத்தடியில் பொட்டலச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்த வேலைக்கு ஒருத்திதான் தேவை. சமையலறையில் மூத்தவள் என்பதால் அது பெர்னிஸுக்குக் கிடைத்திருந்தது. பெர்னிஸ், இவெட்டுக்கு ஞானத்தாயும்கூட. எர்லிண்டா சும்மா போய் உட்கார்ந்து பால் பெட்டிகளை அடுக்கிக் கொடுப்பாள். மேசையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உணவு இல்லை. பெர்னிஸால் ஓர் ஆப்பிளைக்கூட அவளிடம் நீட்ட முடியாது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"கார்டு வந்துருச்சா?" என்றாள் பெர்னிஸ்.

"வந்துருச்சு."

"அப்ப கடைக்குப் போக வேண்டியதுதானே? மூஞ்சி ஏன்டி கழுவாத தட்டு மாதிரி இருக்கு?"

"அது இவெட் பேர்ல வந்திருக்கு."

"அவ பேர்ல வராம கவர்னர் பேர்லயா வரும்? ஏழு மாசம் இங்கதான படிச்சா. வீட்டு விலாசம் இன்னும் இங்கதான. யாரு வந்து கேக்கப் போறா? மொதல்ல நீ கண்ணாடியப் பாரு. கன்னம் ரெண்டும் உள்ள போயிருச்சு."

"அது அவ சாப்பாடு, பெர்னிஸ்."

"அவதான் அங்க இறால் திங்கிறாளே." பெர்னிஸ் ஒரு சிறுமியின் கையில் பொட்டலத்தை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சரி, மனசு வரலன்னா தபால்ல அனுப்பிரு. ஒரு ஸ்டாம்ப் செலவு."

 எர்லிண்டா பால் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்த பஞ்சை ஊதிக்கொண்டிருந்தாள். பெர்னிஸ் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள்.

"ஓ" என்றாள் பிறகு. "ஸ்டாம்ப் பத்தாது போல. வண்டிக்கு பெட்ரோல் இருக்கா?"

"மின்சாரத்துக்குன்னு எடுத்து வச்சது கொஞ்சம் இருக்கு."

"இருட்டுல உக்காந்துக்கோ. ஜூன் மாசம் பொழுது சாய எட்டு மணி ஆகுது, அதுக்கென்ன."

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினாள். பதினெட்டு வருடப் பழக்கத்தில் நாலரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். விடுமுறையிலும் அந்த நேரத்துக்குக் கனவில் அண்டா கொதிக்கும். ஒரு காகிதப் பெட்டி நிறைய ஆப்ரிகாட் பழங்களை இருக்கையில் வைத்தாள். ஆற்றைத் தாண்டி, கிழக்கே ஏறி, கரி போல உறைந்து கிடக்கும் பழைய எரிமலைக் குழம்புக்கு நடுவே சாலை போயிற்று. மலை இறங்கி ராஸ்வெல் தாண்டியதும் நிலம் தன் மடிப்புகளையெல்லாம் நீவிவிட்டுக்கொண்டு தட்டையாகிவிட்டது. மேடு இல்லை, மரம் இல்லை. சாலை முடிகிற இடத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதுபோல மின்னும். கிட்டப் போனால் இன்னும் தள்ளிப் போய் மின்னும். பழ வாசனை வெயிலில் புளித்து வண்டிக்குள் நிறைந்தது. போய் நின்று என்ன சொல்வது என்று சாலையெல்லாம் வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். எந்த வாக்கியமும் பாதிக்கு மேல் நிற்கவில்லை. கடைசியில் எண்ணெய்ப் பம்புகள் வந்தன. ஆளில்லாத வெளியில் நூற்றுக்கணக்கில் நின்று, யாருக்கோ ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே போனதில் தான் யோசித்துக்கொண்டிருந்ததை அவள் மறந்துபோனாள்.

டெல்ஃபினின் வீடு ஊர் ஓரத்தில் இருந்தது, இழுத்து வந்து நிறுத்திச் சக்கரம் கழற்றிய நீளமான வீடு. அவனுடைய வண்டி இல்லை. கதவைத் திறந்தது அவன் மனைவி கிறிஸ்டல். தலைமுடி ஒரு பக்கம் தட்டையாக அழுந்தியிருந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவளை எழுப்பிவிட்டோம் என்று எர்லிண்டாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஐயோ, நீங்களா. உள்ள வாங்க. அவரு எண்ணெய்க் கெணத்து ரிக்குக்குப் போயிருக்காரு, இன்னும் பத்து நாள் ஆகும் வர்றதுக்கு." கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "இவெட் என் சின்னதுங்க ரெண்டையும் கூட்டிட்டுப் பூங்காவுக்குப் போயிருக்கா. மதியம் அங்க சாப்பாடு தர்றாங்க. தெனம் நடந்தேதான் போவாங்க. அவ இல்லன்னா நான் தூங்கவே முடியாது, தெரியுமா? எதுவும் பிரச்சினை இல்லையே?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படும்மா."

"இப்படித் திரும்பி, தண்ணித் தொட்டி இருக்கும் பாருங்க, அதுக்குப் பின்னாடி."

அந்தச் சில நிமிடத்துக்குள் எர்லிண்டாவின் கண் அதன் பழக்கப்படி சமையலறையைப் பார்த்துவிட்டது. தொட்டியில் கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள், அடுப்பின் மேல் சோளப் பொரி டப்பா, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பாதி ரொட்டிப் பொட்டலம், அதன் வாயை யாரோ ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இறால் சாப்பிடுகிற வீடு இப்படி இருக்காது.

பூங்காவில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். புல்லில் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள். இவெட்டைக் கண்டுபிடிக்க நேரம் ஆயிற்று. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். ஓர் இலந்தை மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு சின்னப் பெண்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு ஆறு வயது இருக்கும், இன்னொருத்திக்கு நாலு. அவர்கள் மடியில் பொட்டலங்கள். இவெட்டின் மடியில் ஒன்றுமில்லை. தொலைவிலிருந்து பார்த்தபோது அவள் யாரோ ஓர் இளம் தாய் போல இருந்தாள். எர்லிண்டாவுக்கு ஒரு கணம், இது நடந்து பல வருடம் ஆகிவிட்டது, தான் இதை எங்கிருந்தோ நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

அவள் நடந்து வருவதை இவெட் முன்பே பார்த்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. ஆரஞ்சுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

"சொன்னா வராதன்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

எர்லிண்டா புல்லில் உட்கார்ந்தாள். மூத்த சிறுமி மேசி, "நீங்க யாரு?" என்றாள். "எர்லிண்டா" என்றாள் அவள். சின்னவள் பிரின்லி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று முடிவு செய்தவள்போல மறுபடி தின்னத் தொடங்கினாள்.

பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, கேரட் துண்டுகள், பால், ஆரஞ்சு. ஒரு பார்வையில் எர்லிண்டா எல்லாவற்றையும் எடைபோட்டுவிட்டாள். நீ ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி தொண்டை வரை வந்து நின்றது. அதை விழுங்குவது ஒரு முழு உருளைக்கிழங்கை விழுங்குவதுபோல இருந்தது. புல்லைக் கிள்ளினாள். மேசி ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்துக் காகிதத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். இவெட் அதில் ஒன்றை யோசனையில்லாமல் எடுத்து வாயில் போட்டு மென்றாள். எர்லிண்டா அதைப் பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தாள். நேரம் நகர்ந்ததா என்றே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும் மெல்லப் புல்லில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"மொத நாள் வந்தப்ப அந்தப் பொம்பள வயசு கேட்டுச்சு" என்றாள் இவெட் தானாகவே. "பதினெட்டுக்கு மேலன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"தெரியல. சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"பெரிய மனுஷிக்கு இப்ப பசிக்கவே பசிக்காதோ?"

இவெட்டின் வாய் ஓரம் லேசாக வளைந்தது. "உனக்குந்தான் குடுக்க மாட்டாங்க."

"நாம ரெண்டு கெழவியும் பாத்துட்டே இருக்க வேண்டியதுதான்."

எர்லிண்டா எழுந்து போய் வண்டியிலிருந்து பழப்பெட்டியைக் கொண்டுவந்தாள். பாதிப் பழம் சூட்டில் கன்றிப் பிளந்திருந்தது. பெட்டி முழுக்க ஒரு தங்க நிற ஈரம். அதைப் பார்த்ததும் இவெட் ஒன்றும் சொல்லாமல் ஒன்றை எடுத்தாள், பிறகு இன்னொன்று. குனிந்து, சாறு மணிக்கட்டில் வழிய வழியத் தின்றாள். கொட்டைகளை வரிசையாகப் புல்லில் வைத்தாள். பதினொன்று வரை எர்லிண்டா எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்திக்கொண்டு தானும் ஒன்றை எடுத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு உறையை நீட்டினாள். இவெட் கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தன் பெயரின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். எழுத்துகள் புடைத்திருக்கவில்லை, சும்மா அச்சுதான். இருந்தும் இரண்டு முறை தடவினாள்.

"இது எனக்கா?"

"லீவுக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பதிலா."

"நீயே வச்சிக்கம்மா."

"உன் பேரு போட்டிருக்கு."

"ஆகஸ்ட் வரைக்கும் உனக்குச் சம்பளம் கெடையாதே."

எர்லிண்டா திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவள் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோடை முழுக்க நெசவுபோல ஒன்றுக்குள் ஒன்றை விட்டு ஒப்பேற்றிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் இவெட். பேச்சு பிரின்லியின் செருப்பு வாரைப் பார்த்துப் போயிற்று. "சாயங்காலம் எனக்கு மட்டும் தட்டு வைப்ப. நீ சாப்பிடலையான்னு கேட்டா, ஸ்கூல்லயே சாப்ட்டேன்னு சொல்லுவ. ஜூன்லயும் அப்படித்தான் சொல்லுவ, ஜூலைலயும். ஸ்கூல்தான் மூடிக் கெடக்கே. எனக்கு அப்ப ஒம்போது வயசு. அம்மா மறந்து சொல்லுது போலன்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுச்சு."

பிரின்லியின் வார் ஏற்கனவே மாட்டித்தான் இருந்தது. இவெட் அதைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"அன்னிக்கு வரிசைல எனக்கு வெக்கமாப் போச்சுன்னு நெனச்சியா?"

"பின்ன?"

"நீ சாப்பிட்டியான்னு யாரு பாத்தா?" என்றாள் இவெட். சின்னவளின் வாயைத் தன் சட்டை நுனியால் துடைத்தாள்.  மார்ச் மாதத்திலிருந்து தனக்குத் தெரியும் என்று நினைத்து வைத்திருந்த ஒன்று, இப்போது கையை விட்டு மெல்ல மிதந்து மேலே போவதை எர்லிண்டா உணர்ந்தாள். அதைப் பிடிக்கப் போனால் பறந்துவிடும் போலிருந்தது. புல்லில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

கடைக்குப் போகும் வழியில் இவெட் அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். நான்கு எண்களை அழுத்தும்போது ஜன்னல் பக்கம் முழுதாகத் திரும்பி, போனை மார்போடு மறைத்துக்கொண்டாள். என்ன எண் என்று சொல்லவில்லை. சின்னவர்கள் இருவரும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்குள் குளிர். வெயிலிலிருந்து வந்தவர்களுக்குக் குளத்துக்குள் இறங்கினதுபோல இருந்தது. இவெட் முன்னால் நடந்தாள். எர்லிண்டா பிரின்லியை வண்டியில் உட்கார வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். பதினெட்டு வருடமாக எல்லாவற்றையும் பீப்பாயிலும் மூட்டையிலும் பார்த்துப் பழகியவளுக்கு, அலமாரியில் சின்னச் சின்னதாக நின்ற டப்பாக்கள் பொம்மை வீட்டுச் சாமான்கள் போலத் தெரிந்தன. மெல்லிய வெள்ளை வெளிச்சம், எங்கோ பழைய பாட்டு, சக்கரத்தின் கிறீச். மகள் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, விலை பார்த்து, உதட்டைக் கடித்து, சிலதைத் திரும்ப வைத்து நடக்கிறாள். எர்லிண்டாவுக்கு அந்த நடை முடியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. முட்டை, மாவு, கோழித் தொடை, பால். மேசி வண்ணச் சோளப் பொரி கேட்டாள். "அது காத்து. காச குடுத்து காத்து வாங்குவியா?" என்றாள் இவெட். குரல் அப்படியே பெர்னிஸுடையது. எர்லிண்டா சிரிப்பை அடக்க ஒரு சூப் டப்பாவின் முதுகைப் படித்தாள்.

பீன்ஸ் மூட்டைகளுக்கு முன்னால் இவெட் நின்றாள்.

"அஞ்சு பேருக்கு எவ்ளோ போடணும்?"

"முந்நூறு பேருக்குன்னா முப்பது பவுண்டு."

"நான் முந்நூறா கேட்டேன்?"

"இரு. முந்நூறுலருந்து வந்தாத்தான் எனக்கு வரும்." எர்லிண்டா விரலை மடக்கினாள். "அரை பவுண்டு. நாலு மணி நேரமாவது ஊறணும். உப்பு கடைசில."

சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி விரல் மடக்கினாள். டெல்ஃபின் வரப் பத்து நாள் ஆகும். கிறிஸ்டல், மேசி, பிரின்லி, இவெட். நாலு. மடங்காமல் நின்ற கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை வண்டியின் பிடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. கிறிஸ்டல் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லாரும் கிசுகிசுப்பாகப் பேச வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு அது பழகிப்போயிருந்தது. சின்னவர்கள்கூட விரல் நுனியில் நடந்தார்கள். பைகளை மேசையில் வைத்துவிட்டு எர்லிண்டா சட்டைக் கையை மடக்கினாள்.

"நீ போய் உக்காரு" என்றாள் இவெட் மெதுவாக.

"வெங்காயத்த மட்டும் அரிஞ்சு…"

"அம்மா. போய் உக்காரு."

"பீன்ஸ் ஊற நாழியாகும். இன்னிக்கு ராத்திரிக்குத்தான் ஆகும். நான் அதுக்குள்ள கெளம்பணும்."

"கெளம்பலாம்." கிண்ணத்தில் பீன்ஸ் கொட்டும் சத்தம் மழையின் முதல் துளிகள் போல வந்தது. "நாளைக்குக் கெளம்பேன். அங்க என்ன, ஸ்கூலா தொறந்திருக்கு?"

"ஸ்கூலு ஆகஸ்ட்ல தொறக்கும்" என்றாள் எர்லிண்டா. வேறு எதுவும் சேர்க்காமல் இருப்பதற்கு அவள் பெரும்பாடு பட்டாள்.

"ம்" என்றாள் இவெட். போனில் வருகிற அதே ஒற்றை எழுத்து. ஆனால் நேரில் கேட்கும்போது அது அவ்வளவு சின்னதாக இல்லை.

எர்லிண்டா முன்னறை சோபாவில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம் என்றுதான் சாய்ந்தாள். ஜன்னலில் பொருத்தியிருந்த தண்ணீர்க் குளிர்விப்பான் ஈரக்காற்றை ஊதிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறத் திரை உப்பிற்று, தாழ்ந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் அறை ஒரு பழத்தின் உட்புறம் போல இருந்தது. அந்தப்பக்கம் வெங்காயம் நறுக்கும் சத்தம். கத்தி பலகையில் படும் தாளம் சீராக இல்லை. துண்டுகள் பெரிசும் சிறிசுமாக விழுகின்றன என்று காதாலேயே தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தாள். நினைத்தது கைக்கு வந்து சேரவில்லை. அடுப்பு பற்றும் ஒலி. எண்ணெயில் எதுவோ விழுந்து சீறி அடங்கியது. தான் அல்லாத ஒருவர் சமைக்கிற வாசனையைக் கடைசியாக எப்போது படுத்தபடி முகர்ந்தோம் என்று யோசித்தாள். ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்துகொண்டே போய், அடி தட்டுப்படவில்லை. செருப்பு ஒன்று காலிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் அதுவும் தோன்றவில்லை.

வெகு தூரத்திலிருந்து பிரின்லியின் குரல் வந்தது. "இவெட், அந்த எர்லிண்டா செத்துப் போச்சா?"

"ச்சு. மெதுவாப் பேசு. தூங்குது."

"பகல்ல எதுக்குத் தூங்குது? அதுக்கும் ராத்திரி வேலையா?"

கரண்டி ஒரு கணம் நின்றது.

"இல்ல" என்றாள் இவெட். "எங்கம்மாவுக்கு இப்ப லீவு."

யாரோ விரல் நுனியில் நடந்து வந்தார்கள். காலின் மேல் மெல்லிய விரிப்பு ஒன்று வந்து விழுந்தது, முதலில் ஒரு பாதத்தின் மேல், பிறகு இழுத்துவிட்டு மறு பாதத்தின் மேலும். திரை உப்பிற்று. ஆரஞ்சு வெளிச்சம் அறை முழுக்கப் பரவி, சோபாவின் கை வரை ஏறி, மூடிய இமைகளின் மேல் தங்கியது. திரை மெதுவாகத் தாழ்ந்தது.